மச்சான் விட்டுப்போன டிரான்சிஸ்டர் புத்தகம்

அந்தப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. எப்போதோ கிழிந்து போய்விட்டது. அட்டை இருந்த இடத்தில் பனியன் கழுத்துக்கு வைக்கிற சாம்பல் நிற ரிப் துணியில், ஓரத்துக்கு ஓவர்லாக் தையல் அடித்த ஓர் உறை இருக்கிறது. தைத்தவள் என் மனைவி. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், அவள் வேலை செய்த பனியன் கம்பெனியில் மிஞ்சிய வெட்டுத்துணியைக் கொண்டுவந்து, "எங்கண்ணன் உசுரே இதுலதான் இருக்குது, அதுக்கு ஒரு சட்டை தெச்சுப் போட்டுரலாமுங்க" என்று கிண்டல் செய்துகொண்டே தைத்தாள். அளவு எடுப்பதற்காகப் புத்தகத்தை ஒரே ஒரு நாள் வீட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்டதற்குக்கூட அவளுடைய அண்ணன் சம்மதிக்கவில்லை. புத்தகம் கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர் சட்டம். கடைசியில் அவளே கடைக்கு வந்து, நூலால் அளந்துகொண்டு போனாள். அந்த உறையோடுதான் இத்தனை வருடமாக என் மேசையின் கீழ் இழுப்பறையில் அது கிடக்கிறது.

மனைவியின் அண்ணன் எனக்கு மச்சான். சாமளாபுரத்துக்காரர். அங்கே டிவி, ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், தறி ஓடும் ஊரில் டிவி மெக்கானிக்குக்குப் பிழைப்பில்லை என்று திருப்பூர் வந்தார். மண்ணரைப் பகுதியில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து நாங்கள் இருவரும் சேர்ந்து கடை போட்டோம். பனியன் துணி பின்னுகிற வட்ட நிட்டிங் மெஷின்களில் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுகளைச் சரி செய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. என் கை சால்டரிங்கில் சுத்தமாக இருக்கும். எதைக் கழற்ற வேண்டும், அதற்குப் பதில் எதைப் போட வேண்டும் என்று சொல்வது மச்சான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஆனால் பொறுமையில் அவர் எனக்குப் பாட்டனாக இருந்தார். எனக்கு அது என்றைக்குமே கைவந்ததில்லை.

டிரான்சிஸ்டர் என்பது பாதியாக நறுக்கிய கொண்டைக்கடலை அளவில் மூன்று காலோடு இருக்கும் ஒரு சாமான். அதன் நெற்றியில் ஓர் எண் அச்சடித்திருக்கும். கருகிப்போனால் அதே எண்ணுள்ள இன்னொன்றைப் போட வேண்டும். ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் மூன்றாம் கை மாறி வந்த மெஷின்களில் இருந்தவை பெரும்பாலும் கோயமுத்தூர்க் கடைகளில்கூடக் கிடைக்காது. அப்போது அதற்கு ஈடான வேறோர் எண்ணைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்குத்தான் அந்தப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் எறும்பு வரிசையாக எண்கள். எத்தனை வோல்ட் தாங்கும், எவ்வளவு கரண்ட் தாங்கும், எந்தக் கால் எது, இதற்கு ஈடு எது என்று கட்டம் கட்டமாக இருக்கும். தாள் வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது. மச்சான் பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்துப் படிப்பார். ஒரு சாமானுக்குக் கால் மணி நேரம் ஆகும். பக்கத்தில் போர்டு கொண்டுவந்த கம்பெனிக்காரர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் அவர் ஸ்கேல் வேகமாக நகராது.

அச்சில் இருந்ததை மட்டும் அவர் நம்பியதில்லை. புத்தகத்தின் ஓரங்களெல்லாம் அவர் கையெழுத்துத்தான். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். ஈடு போட்ட அன்றைக்கு அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டு, யார் மாட்டினார்களோ அவர் பெயரின் முதல் எழுத்தை எழுத வேண்டும். பிறகு ஒரு தீபாவளி வரை காத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் திருப்பூரில் எந்த மெஷினுக்கும் ஓய்வு கிடையாது. அந்த ஓட்டத்தைத் தாங்கி, போர்டு நம் கடைக்குத் திரும்பி வராமல் இருந்தால், போனஸ் லீவு முடிந்து கடை திறக்கிற முதல் நாள் அந்தப் பென்சில் டிக்கின் மேல் பேனாவால் எழுதுவார். இடையில் திரும்பி வந்துவிட்டால் டிக்கை அழித்துவிட்டுப் பேனாவால் பெருக்கல் குறி. அதற்குக் கீழேயும் முதல் எழுத்து கட்டாயம். அவருடைய எழுத்தோடு நிறையப் பெருக்கல் குறிகள் இருந்தன. என் எழுத்தோடும் நாலைந்து இருந்தன. "அளிச்சு எளுதற மாதிரி இருந்தா அது புக்கே இல்லீங்க மாப்ள, சிலேட்டு" என்பார்.

எனக்கு இதெல்லாம் அன்றைக்கே சலிப்பாகத்தான் இருந்தது. கையில் இன்டர்நெட் உள்ள போன் வந்த புதிது. எண்ணைத் தட்டினால் இரண்டு நொடியில் டேட்டா ஷீட் வந்து நின்றது. ஈடு என்னவென்று பட்டியலே போட்டுத் தரும் தளங்கள் இருந்தன. மச்சான் பூதக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் நான் பதிலைச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அவர் புத்தகத்தில் கண்டுபிடிப்பதும் அதே எண்ணாகத்தான் இருக்கும். "இந்தப் புக்கை எடைக்குப் போட்டா சுண்டல் கட்டவாச்சும் ஆகுமுங்க மச்சா" என்று கேலி செய்தேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை. சரிதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, வரிக்குக் கீழே ஸ்கேலை வைப்பார்.

பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனி எங்களுக்கு நல்ல வாடிக்கை. ஒருநாள் அங்கிருந்து ஸ்டாப் மோஷன் போர்டு ஒன்று வந்தது. நூல் அறுந்தாலோ, ஊசி உடைந்தாலோ, மெஷினைச் சுற்றியுள்ள கம்பிக்கதவைத் திறந்தாலோ மெஷினை நிறுத்திச் சிவப்பு விளக்கைப் போடுகிற போர்டு அது. அதில் சி 1815 என்ற ஜப்பான் டிரான்சிஸ்டர் கருகியிருந்தது. கடையில் அது இருப்பில் இல்லை. மச்சான் ஒரு கல்யாணத்துக்காகச் சாமளாபுரம் போயிருந்தார். போனில் தேடினேன். ஈடு பிசி 547 என்று வந்தது. இரண்டுக்கும் கால் வரிசை வேறு, அதுவும் அங்கேயே படத்தோடு இருந்தது. காலை மாற்றி வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஸ்லீவ் போட்டு, அழகாக மாட்டினேன். சோதித்தேன். மெஷினை நிறுத்துகிற ரிலே டக்கென்று இழுத்தது, விளக்கு எரிந்தது. புத்தகம் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. நான் கையை நீட்டவில்லை.

சாயங்காலம் மச்சான் கல்யாணப் பந்தியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். பொட்டலம் கட்டி வைத்திருந்த போர்டைப் பார்த்துவிட்டு, "புக்கப் பாத்தீங்களா மாப்ள?" என்று கேட்டார். "பாத்தேனுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் திட்டியிருக்கப் போவதில்லை. பொட்டலத்தைப் பிரித்து, ஸ்கேலை எடுத்து, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு பொய் சொன்னேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று வாரம் போர்டு ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் முற்பகலில் கம்பெனியிலிருந்து போன் வந்தது, இருவரும் உடனே வாருங்கள் என்று. போனபோது அந்த ஒரு மெஷின் மட்டும் நின்றிருந்தது. அதை ஓட்டியவர் ஒடிசாவிலிருந்து வந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ரோல் நிறைந்ததும் துணியை எடுக்கக் கம்பிக்கதவைத் திறந்திருக்கிறார். கதவைத் திறந்தால் மெஷின் நிற்கும் என்பது அந்த வேலையில் உள்ள எல்லோருக்கும் உடம்பில் ஊறிய பழக்கம், யாரும் நின்றுவிட்டதா என்று யோசித்துப் பார்ப்பதில்லை. அன்று அது நிற்கவில்லை. துணி சுற்றும் சட்டம் சுழன்று வந்து அவர் வலது முன்கையை அடித்திருக்கிறது. பக்கத்து மெஷின்காரர் ஓடி வந்து அவசரப் பொத்தானை அழுத்தியதால் கையோடு போயிற்று, ஆள் பிழைத்தார். நாங்கள் போனபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருந்தது. வலியில் அழவில்லை. "தர்வாஜா கோலா, ருகா நஹீ" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தேன், நிற்கவில்லை. இந்தியில் எனக்குத் தெரிந்த வாக்கியங்கள் கொஞ்சம், அதில் இது ஒன்று.

மச்சான் ஸ்டூல் போட்டு ஏறி, மெஷினின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து போர்டைப் பார்த்தார். என் ஸ்லீவும் என் சால்டரிங்கும் அவருக்குத் தெரியாதவையா. டிரான்சிஸ்டரின் எண்ணைப் படித்தார். அதன் நெற்றி வெடித்திருந்தது. பெட்டியை மூடிவிட்டு இறங்கினார். மேனேஜர் கேட்டார், இதை யார் மாட்டியது என்று. நான் வாயைத் திறந்தேன் என்றுதான் எனக்கு ஞாபகம். ஆனால் சத்தம் வந்ததாக ஞாபகம் இல்லை. வீட்டில் அப்போது பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. மச்சான் என்னைப் பார்க்காமலே, "நான்தானுங்க போட்டது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மேனேஜர் சொன்னதெல்லாம் அவரைப் பார்த்துத்தான் சொன்னார். இனி இந்த ஆள் தொட்ட போர்டு இந்தக் கம்பெனிக்குள் வரக்கூடாது என்றார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் டூல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திருப்பூரில் இந்த மாதிரிச் செய்தி பரவ ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். ஒரு வாரத்தில் போர்டு கொண்டு வருகிறவர்கள் எல்லோரும், இதை யார் பார்ப்பீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். மச்சான் ஒரு திங்கட்கிழமை தன் பூதக்கண்ணாடியையும் டிபன் கேரியரையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். சாமளாபுரத்தில் விசைத்தறி ஓடும் ஒரு குடோனில் மோட்டார் பார்க்கிற வேலை கிடைத்தது. போகும்போது, "புக்கு கடையிலயே இருக்கட்டுமுங்க மாப்ள, பாத்துப் போடுங்க" என்றார். ஒடிசாக்காரருக்குக் கை கூடியது, ஆனால் பழையபடி மடங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. ஊருக்கு ரயிலேறிவிட்டார் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்துக்கொண்டேன். புத்தகத்தைப் பார்த்திருந்தாலும் அதே எண்தானே இருந்திருக்கும், எத்தனை முறை அப்படி இருந்திருக்கிறது, ஆகவே மச்சானே அன்று இருந்திருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பார், இது யாருக்கும் நடக்கக்கூடியது. இந்தச் சமாதானத்தில்தான் இத்தனை வருடத்தை ஓட்டினேன். அதனாலேயே அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. தேவையும் வரவில்லை, போன் இருந்தது. மச்சானைக் காதுகுத்திலும் கல்யாணத்திலும் துக்கத்திலும் பார்ப்பேன். மழையைப் பற்றிப் பேசுவோம், நூல் விலையைப் பற்றிப் பேசுவோம், என் மகள் படிப்பைப் பற்றிக் கேட்பார். திரும்பி வரும் வழியில் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் மனைவி, "எங்கண்ணன் அன்னைக்குக் கொஞ்சம் நெதானமா இருந்திருந்தா இப்படித் தறிச் சத்தத்துல காது போயிருக்காதுங்க" என்பாள். ஒவ்வொரு முறையும் சொல்வாள். நான் வண்டியை ஓட்டுவேன்.

இப்போது எனக்குக் கண் மங்கிவிட்டது. கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தேடுவது சுலபமாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் எண்ணைத் தட்டினால் நாற்பது பக்கம் வருகிறது. நாற்பதும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. எல்லாவற்றையும் சேர்த்துக் கோர்வையாக ஒரு பதிலை எழுதித் தருகிற வசதியும் வந்துவிட்டது. ரொம்ப நம்பிக்கையாகப் பேசுகிறது. எங்கே, யார், எந்த மெஷினில் மாட்டிப் பார்த்தார்கள் என்று அதனிடம் கேட்க முடியாது. சரி, எண் தெரிந்தது என்று ஆன்லைனில் வாங்கினால், வருவது போலி. ஏதோ ஒரு மட்டமான டிரான்சிஸ்டரின் நெற்றியைச் சுரண்டிவிட்டு வேறு எண்ணை அச்சடித்து அனுப்புகிறார்கள். பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் துடைத்தால் எண் கரைந்து பஞ்சில் வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் சாமான் உண்மையாக இருந்தது, அதைப் பற்றித் தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். இன்று எல்லா விவரமும் கையில் இருக்கிறது, சாமானைத்தான் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு பார்சலையும் பிரித்துச் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்புவதே பாதி வேலையாகிவிட்டது. சலித்துவிட்டது, வேறென்ன சொல்ல.

போன வாரம் ஒரு சின்ன கம்பெனியிலிருந்து பழைய ஸ்டாப் மோஷன் போர்டு ஒன்று வந்தது. எங்கெங்கோ ஓடிக் களைத்த மெஷினுடையது. அதே மாதிரிப் போர்டு, கருகியிருந்ததும் அதே எண். இரண்டு இடத்தில் ஆர்டர் போட்டேன், இரண்டும் போலி. மூன்று தளங்களைப் பார்த்தேன், மூன்றும் 547 என்றன. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து, உறையிலிருந்து புத்தகத்தை உருவினேன். ஓரத்தில் கறையான் லேசாக வாய் வைத்திருந்தது. ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்தேன்.

நான் நினைத்தது சரிதான், அச்சில் 547 என்றுதான் இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் பேனாவில் ஒரு பெருக்கல் குறி. கீழே மச்சானின் முதல் எழுத்து. அதற்குக் கீழே அவர் கையெழுத்தில்: "சிவப்பு விளக்கு உள்ள போர்டுக்கு ஆகாது. விளக்கு குளிர்ந்திருந்து எரியும்போது கூடுதல் கரண்ட் இழுக்கும். ஒரு மாதத்தில் போகும். 337 போடவும்." பக்கத்தில் 337-க்குப் பேனா டிக். அந்த மை நான் பொய் சொன்ன நாளுக்கு ரொம்ப முந்தையது, நிறத்திலேயே தெரிந்தது. அவரும் ஒரு காலத்தில் அதே தப்பைச் செய்து, எழுதி வைத்திருக்கிறார். அப்படியென்றால் அன்று ஸ்டூலில் ஏறி எண்ணைப் படித்த அந்த நிமிடமே, நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பார்த்தேன் என்று நான் சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டுதான் இறங்கி வந்து, நான்தான் போட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

அதோடு முடியவில்லை. அந்தக் குறிப்புக்குக் கீழே இன்னொரு பெருக்கல் குறி இருந்தது. அதன் மை மேலே இருந்ததைவிடப் புதியது. பக்கத்தில் ஒரே ஒரு சொல், "கதவு." கீழே முதல் எழுத்து இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. புத்தகம் முழுவதும் புரட்டிப் பார்த்தேன். வேறு எங்கும் எழுத்தில்லாத குறி ஒன்றுகூட இல்லை. ஊருக்கு முன்னால் பொய் சொல்ல அவரால் முடிந்தது. இந்தப் புத்தகத்தில் தன் எழுத்தைப் போட்டுப் பொய் சொல்ல முடியவில்லை. என் எழுத்தைப் போடவும் மனசு வரவில்லை. கடையை விட்டுப் போவதற்கு முன் எப்போதோ உட்கார்ந்து இதை எழுதிவிட்டு, மிச்சத்தை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் திறப்பேன் என்று எத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தேன். அழுகை வந்தது.

பேனாவை எடுத்து அந்த இடத்தில் என் முதல் எழுத்தை எழுதினேன். தாள் எண்ணெய் குடித்திருந்ததால் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. பிறகு மச்சானுக்குப் போன் செய்தேன். தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இருங்க என்று சொல்லிவிட்டுக் குடோனுக்கு வெளியே வந்தார்.

"மச்சா, புக்குல ஒரு எடம் காலியா உட்டிருந்தீங்க. இப்பத்தானுங்க பாத்தேன். என்ற எளுத்தப் போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் லாரி ஒன்று கடந்து போகும் சத்தம் கேட்டது. காது கேட்கவில்லையோ என்று திரும்பச் சொல்ல வாயெடுத்தேன்.

"பென்சில்லயா, பேனாவுலயா மாப்ள?" என்றார்.

"பேனாவுலதானுங்க மச்சா."

"அப்பச் செரி" என்றார். 337-ஐக் கால் மாற்றிப் போடச் சொன்னார், கருவம்பாளையத்திலோ எங்கேயோ பழைய இருப்பு வைத்திருக்கும் ஒருவரைப் பற்றிச் சொன்னார். மகள் பரீட்சை எழுதிவிட்டாளா என்று கேட்டார். எழுதிவிட்டாள் என்றேன். வைத்துவிட்டார்.

போர்டை அன்று முடிக்கவில்லை. ஷட்டரை இறக்குவதற்கு முன், புத்தகத்தை மறுபடி அந்தச் சாம்பல் உறைக்குள் நுழைத்தேன். ஓவர்லாக் தையல் ஒரு மூலையில் பிரிந்திருந்தது. இழுப்பறையில் வைக்கப் போன கை நின்றது. கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்று மச்சான் போட்ட சட்டத்தை முதல்முறையாக மீறி, அதை டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். உறையைத் தைத்தவளுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும்.